மதிலுக்கு வெளியே ஒரு வழக்கு

நாம்பள்ளியில் சார்மினார் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கி, கோட்டி, சாதர்காட், மலக்பேட்டை, சைதாபாத் என்று ஆட்டோ பிடித்து வந்தால், சந்தோஷ் நகர் வரைக்கும் ஹைதராபாத் தன் முழு இரைச்சலோடு கூடவே வரும். பழவண்டிகள், பர்தா கடைகள், கண்ணாடித் தம்ளர்களை அடுக்கி வைத்த இரானி டீக்கடைகள். ஒவைசி மருத்துவமனைச் சந்திப்பில் மேலே ஒரு மேம்பாலம் தெரிகிறது. 2021 டிசம்பரில் திறந்தார்கள். அப்துல் கலாம் பெயரை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து சிறிது தூரம் போனதும் கடைகள் குறைந்து மதில்கள் தொடங்குகின்றன. உயரமான மதில், அதன் மேல் முள்கம்பி, உள்ளே வேப்ப மரங்களின் தலை மட்டும். காஞ்சன்பாக் வந்துவிட்டது.

இந்த மதில்களுக்குள் இருப்பவை எல்லாம் கனமான பெயர்கள். ஏவுகணைகளை வடிவமைக்கும் டி.ஆர்.டி.எல்., அவற்றுக்கான உலோகங்களை ஆராயும் டி.எம்.ஆர்.எல்., 1970இல் தொடங்கிய பாரத் டைனமிக்ஸ், 1973இல் தொடங்கிய மிஸ்ர தாது நிகம் என்கிற மிதானி. பேருந்து நிறுத்தத்துக்கே டி.எம்.ஆர்.எல். கிராஸ் ரோடு என்றுதான் பெயர். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்த ஒரு மென்பொருளைப் பற்றிய சண்டையைத் தீர்க்க நான் இந்த ஊருக்கு வந்திருந்தேன்.

சண்டைக்காரர்களில் ஒருவன் இங்கே குடியிருக்கிறான். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. மனைவி பக்கத்து மருத்துவமனையில் செவிலியர் என்பதால் காஞ்சன்பாக்கில் வீடு. அவன் நகரின் மறுகோடியில் இருக்கும் கணினி நிறுவனத்துக்குத் தினமும் போய்வருகிறான். இன்னொருவர் ரொறன்ரோவில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். இருவரும் சேர்ந்து ஒரு தமிழ் எழுத்துப்பிழை திருத்தியை ஆண்டுக்கணக்கில் வளர்த்துவந்தார்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஒரு ரூபாய் சம்பளம் கிடையாது. இரவு பதினொரு மணிக்குக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இவன் உட்காருவான். அங்கே அவர் மதியச் சாப்பாட்டு வேளையில் இவன் அனுப்பியதைப் பார்த்துச் சேர்ப்பார். அப்படி ஓடிக்கொண்டிருந்த வேலை ஒரு நாளில் நின்றுபோனது. இருவருக்கும் தெரிந்தவள் என்ற முறையில் நான் நடுவில் வந்தேன்.

என்ன நடந்தது என்பதை அவன் மடிக்கணினியில் திறந்து காட்டினான். இந்தத் திருத்தி ஹன்ஸ்பெல் என்ற இயந்திரத்தின் மேல் ஓடுவது. லிப்ரே ஆபீசிலும் ஃபயர்ஃபாக்சிலும் தவறான சொல்லுக்குக் கீழே சிவப்பு நெளிகோடு போடுவது அதுதான். ஹங்கேரி நாட்டு லாஸ்லோ நேமெத் தன் மொழிக்காக எழுதியது. ஹங்கேரியனும் தமிழைப் போலச் சொல்லின் வாலில் ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்க்கும் மொழி என்பதால் நமக்கும் அது கைகொடுக்கிறது. அதற்கு இரண்டு கோப்புகள் போதும். ஒன்றில் வரிக்கு ஒரு சொல்லாகச் சொற்பட்டியல். இன்னொன்றில் ஒட்டுகளின் விதி. பட்டியலில் இல்லாத, விதியாலும் கிடைக்காத சொல் எதுவானாலும் சிவப்புக் கோடுதான்.

இவன் பட்டியலைச் சுத்தம் செய்ய நினைத்திருக்கிறான். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களிலிருந்து திரட்டிய பெரிய உரைத்தொகுதி ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் அரிதாக வரும் சொற்களை எல்லாம் ஒரு சிறு நிரலால் சலித்து எடுத்துவிட்டான். ஆயிரக்கணக்கில் போயின. அவற்றில் எழுத்துப்பிழைகள் நிறையவே இருந்தன என்பது உண்மை. ஆனால் 'கணனி'யும் போனது. 'ரொறன்ரோ'வும் 'கொம்பனி'யும் 'யூலை'யும் போயின. மாற்றத்தைப் பதிவேற்றும்போது அதற்கு ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். அவன் எழுதியது: "பிழைகள் நீக்கம்."

இரண்டே சொல். அவன் மனதில் வஞ்சம் எதுவும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். 'ஈழத்து வழக்கு' என்ற நினைப்பே அவனுக்கு அப்போது வரவில்லை. எண்ணிக்கை குறைவாக இருந்தது, எடுத்தான்.

ரொறன்ரோக்காரர் அந்த வாரம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். 1983இல் கொழும்பில் அவர்கள் வீடு எரிந்தது, அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனது, இதையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்காக எழுதிவைக்கிறார். புதிய பதிப்பை நிறுவியதும், கட்டுரை முழுக்க, 'கறுப்பு யூலை' என்று அவர் எழுதிய ஒவ்வொரு இடத்திலும் 'யூலை'க்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. தான் பத்து வருடம் வளர்த்த மென்பொருள் அது. என்ன மாறியது என்று போய்ப் பார்த்தார். "பிழைகள் நீக்கம்" என்றிருந்தது. மாற்றத்தை அப்படியே திருப்பிவிட்டு, அவரும் ஒரு வரி எழுதினார்: "விளங்காத ஆக்கள் கை வைக்க வேண்டாம்." அதோடு இவனுக்கிருந்த சேர்க்கும் உரிமையையும் எடுத்துவிட்டார்.

இவனுக்கு அந்தக் கட்டுரையைப் பற்றித் தெரியாது. அவருக்கு இவன் நிரலால் சலித்த விஷயம் தெரியாது. எல்லாரும் பார்க்கும் இடத்தில் அந்த இரண்டு வரிகள் மட்டும் நிற்கின்றன.

"அஞ்சு வருசமா ராத்திரி முழிச்சு வேலை பாத்திருக்கேன் அக்கா. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றான். அவன் மனைவி, இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டே, "அவர் கேக்கலன்னா நீங்க கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவனோடு மதிலோரமாக நடந்தேன். புகைப்படம் எடுக்கக் கூடாது என்ற பலகை அடிக்கடி வருகிறது. இந்த மதிலுக்குள் 1982 ஜூன் மாதம் டி.ஆர்.டி.எல். இயக்குநராக வந்து சேர்ந்தவர்தான் அப்துல் கலாம். பத்து ஆண்டுகள் ஹைதராபாத்தில் இருந்தார். 2015இல் அவர் மறைந்தபின் இந்த ஏவுகணை வளாகத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் வந்தபோது ஆய்வகம் சோர்ந்து கிடந்தது. எழுபதுகளில் 'டெவில்' என்ற பெயரில், சோவியத் ஏவுகணை ஒன்றைப் பிரித்துப் பார்த்து அதுபோல் செய்யும் திட்டத்தில் பல வருட உழைப்பைக் கொட்டியிருந்தார்கள், திட்டத்தை மூடிவிட்டார்கள். உழைத்ததற்குப் பலன் இல்லை என்று நினைக்கும் கெட்டிக்காரர்கள் ஒரே கட்டடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தன்னார்வத் திட்டங்களில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1983 ஜூலை 27ஆம் தேதி ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. கொழும்பு எரிந்துகொண்டிருந்த அதே வாரம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம் என்று விஞ்ஞானிகள் கேட்டதை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள் என்று மாற்றியவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஆர். வெங்கட்ராமன். 388 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஐந்து ஏவுகணைகள், ஐந்து திட்ட இயக்குநர்கள். பிருத்விக்கு ராணுவத்தைச் சேர்ந்த கர்னல் சுந்தரம், திரிசூலுக்குக் கடற்படையின் மோகன், அக்னிக்கு ஆர்.என். அகர்வால், ஆகாஷுக்குப் பிரகலாதா, நாகுக்கு என்.ஆர். ஐயர். ஐந்து பேரைத் தேர்ந்தால் தேர்வாகாதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். வயதில் மூத்தவர்கள், வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள்.

கலாம் அங்கே அறிவியல் மன்றம் என்று ஒன்றை வைத்தார். மூத்தவர், இளையவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டம். 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: அந்தக் கூட்டத்தில் மூத்த விஞ்ஞானி ஒருவர் எழுந்து, இந்தப் பஞ்ச பாண்டவர்களை எந்த அடிப்படையில் தேர்ந்தீர்கள் என்று இயக்குநரிடம் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். கலாம் இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே இருந்தார். பொறுத்திருந்து பார் என்று பதில் சொன்னதாக எழுதுகிறார்.

எனக்கு அந்தப் பதிலில் முழு நிறைவில்லை. காரணத்தை அங்கேயே சொல்லியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கேள்வியைப் பலர் முன்னிலையில் கேட்க ஓர் இடம் இருந்ததே, கேட்டவர் மறுநாளும் அதே ஆய்வகத்துக்கு வேலைக்கு வந்தாரே, அது பெரிய காரியம். மன்றம் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி கேன்டீனில் முணுமுணுப்பாகச் சுற்றியிருக்கும். ஒரு நாள் ஏதோ ஒரு அறிக்கையின் ஓரத்தில் வேறு உருவத்தில் வெடித்திருக்கும்.

"அவங்களுக்குச் சம்பளம் இருந்துச்சு அக்கா, ஓட முடியாது" என்றான் இவன். சரியான பேச்சு. மதிலுக்குள் இருப்பவர் மனம் கசந்தாலும் காலையில் அதே வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். கட்டற்ற மென்பொருளில் வாசல் எப்போதும் திறந்திருக்கிறது. பிடிக்காவிட்டால் மொத்த நிரலையும் நகலெடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகலாம். அதை ஃபோர்க் என்பார்கள். அது உரிமை, உரிமம் தரும் உரிமை. சில வேளை நல்லதும் செய்திருக்கிறது. ஜி.சி.சி. கம்பைலரில் திருத்தங்களை எளிதில் சேர்ப்பதில்லை என்ற மனக்குறையால் 1997இல் ஒரு கூட்டம் இ.ஜி.சி.எஸ். என்று பிரிந்துபோய் வேகமாக வேலை செய்தது. 1999இல் மூலத் திட்டத்தின் பொறுப்பையே அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிரிந்தவர்களே வீட்டுக்காரர்கள் ஆனார்கள். 2010இல் ஓப்பன் ஆபீசை விட்டுக் கிளம்பிய லிப்ரே ஆபீஸ் திரும்பி வரவே இல்லை. ஊரே அதன் பின்னால் போய்விட்டது.

ஆனால் இவையெல்லாம் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்யும் திட்டங்கள். தமிழ்ப் பிழைதிருத்திக்கு இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். இரண்டாகப் பிரிந்தால் ஆளுக்கொரு பாதி கிடைக்காது, இரண்டுமே படுத்துவிடும். தமிழ்க் கணிமையில் அப்படிப் படுத்துப்போன எழுத்துருக்கள், விசைப்பலகைகள், அகராதிகள் எத்தனை! தொழில்நுட்பக் குறையால் நின்றவற்றைவிட, இரண்டு பேர் பேச்சை நிறுத்தியதால் நின்றவை அதிகம் என்பது என் கணிப்பு. நான் சென்னையிலிருந்து ரயிலேறியதற்கு அதுதான் காரணம்.

மதிய வெயிலுக்கு ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, லினக்ஸ் கதையைப் பேசினோம். லினஸ் டோர்வால்ட்ஸ் சக பங்களிப்பாளர்களைப் பொதுவில் வசைபாடுவதற்குப் பேர்போனவர். அதைத் தாங்காமல் விலகியவர்கள் உண்டு. 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அந்த இடைவெளியில் கிரெக் குரோ-ஹார்ட்மன் வேலையைப் பார்த்துக்கொண்டார். நடத்தை நெறியும் அப்போதுதான் வந்தது. "பெரிய ஆளு மன்னிப்புக் கேட்டாரு பாத்தியா" என்று உதாரணம் காட்ட இவனே எடுத்த பேச்சு அது. ரொறன்ரோக்காரர் கேட்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

என் எண்ணம் பைதான் பக்கம் போனது. அதே ஆண்டு ஜூலையில், மொழியில் ஒரு சின்னக் குறியைச் சேர்ப்பது பற்றிய வாக்குவாதம் முற்றி, பைதானைப் படைத்த கீடோ வான் ரோசமே தலைமையை விட்டு விலகினார். முடிவு அவர் விரும்பியபடிதான் ஆனது. ஆனால் ஒரு முடிவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேரின் வெறுப்பைச் சம்பாதிப்பதில் அவருக்கு இனி விருப்பமில்லை. தனக்குப் பின் யார் என்று அவர் கைகாட்டிவிட்டும் போகவில்லை. விட்டுப்போன இடத்தில் பங்களிப்பாளர்கள் மாதக்கணக்கில் யோசித்து, ஐந்து பேர் கொண்ட வழிகாட்டும் குழுவைத் தேர்தல் வைத்து அமைத்தார்கள். ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நம்பிக்கை போனால் வாக்கெடுத்து நீக்கலாம். 2019 தொடக்கத்தில் முதல் குழு வந்தது. அதில் ஒருவராக கீடோவும் தேர்வானார். இங்கேயும் ஐந்து பேர். இவர்களை ஏன் தேர்ந்தீர்கள் என்று எவரும் ஒருவரைக் கேட்க வேண்டியதில்லை. பதில் விதியிலேயே எழுதியிருக்கிறது.

எங்கள் திட்டத்தில் எழுதிவைத்தது எதுவும் கிடையாது. சேர்ப்பவர் அவர், நீக்குபவர் அவர், சண்டையில் ஒரு கட்சியும் அவர். நல்ல மனிதர்தான். அவர் இடத்தில் எவர் இருந்தாலும், கோபம் வந்த அந்த இரவில் கையிலிருக்கும் அதிகாரத்தைத்தான் எடுத்திருப்பார்கள். வழக்கில் சம்பந்தப்பட்டவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்பது நம் கிராமத்துப் பஞ்சாயத்துக்கே தெரியும்.

கலாமைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2003 மே மாதம் புனேயில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தைத் தொடங்கிவைத்துப் பேசுகையில், திறமூல மென்பொருள் இந்தியாவுக்குத் தேவை என்று வெளிப்படையாகச் சொன்னார். பில் கேட்ஸைச் சந்தித்தபோது இதைப் பற்றிய பேச்சு கடினமாகிவிட்டது, இருவர் கருத்தும் வேறு வேறு என்றும் அங்கே சொன்னார். தன் பாதுகாப்புக்கான குறியீட்டைத் தானே உள்ளே வைக்க மூலநிரல் கையில் வேண்டும் என்பது அவர் கணக்கு. மூடிய மதிலுக்குள் பத்து ஆண்டு வேலை செய்தவரிடமிருந்து அந்தப் பேச்சு வந்தது என்பதை, இந்தத் தெருவில் நடக்கும்போது இன்னும் ஆழமாக உணர்ந்தேன். கேட்ஸைப் பற்றி ஒரு கடுஞ்சொல் அதில் இல்லை. பேச்சு கடினமானது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அன்று மாலை ஏழரை மணிக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். ரொறன்ரோவில் காலை பத்து. அவரோடு நான் முன்பே இரண்டு முறை பேசியிருந்தேன். கட்டுரை விஷயம் அப்படித்தான் தெரிந்தது. அதை இவனிடம் நான் சொல்லவில்லை. அவரே சொல்ல வேண்டியது அது. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் இருவரிடமும் கேட்டுக்கொண்டேன்: சொற்பட்டியலைப் பற்றி முதல் அரைமணி நேரம் பேசக் கூடாது.

அழைப்பு கிடைத்ததும் இருவரும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருடப் பழக்கத்தில் முகம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நீங்கள் இவ்வளவு சின்னப் பெடியன் எண்டு நான் நினைக்கேல்லை" என்றார் அவர்.

இவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், "வணக்கம் அண்ணா" என்றான்.

அவர் நேரே விஷயத்துக்கு வந்தார். "தம்பி, பிழை எண்டு என்ன நினைச்சு எழுதினனீங்கள்?" இவன் நிரலைப் பற்றிச் சொன்னான், எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னான், சொற்களை ஒவ்வொன்றாகத் தான் பார்க்கவே இல்லை என்று சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தன் கணினித் திரையைப் பகிர்ந்து, அந்தக் கட்டுரையைக் காட்டினார். அந்த வாரத்துப் பதிப்பை அவர் நீக்காமல் வைத்திருந்தார். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். காங்கேசன்துறைக் கப்பல் வரும் பத்தியை அவர் வாசித்தார், மெதுவாக, ஏதோ வேறொருவர் எழுதியதைப் போல. இவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியாது அண்ணா" என்றான், முடிந்ததும். "தெரிஞ்சிருந்தா அந்த வார்த்தையப் போட்டிருக்க மாட்டேன். தப்புதான்."

"நானும் அப்பிடி எழுதியிருக்கக் கூடாது" என்றார் அவர். "உங்களைக் கேக்காமல் உரிமையை எடுத்தது அதைவிடப் பிழை." நான் கீழே போய்விட்டேன். அதற்கு மேல் என் தேவை அங்கே இல்லை.

தொழில்நுட்பத் தீர்வு எல்லாருக்கும் முதலிலிருந்தே தெரிந்ததுதான். கணினிகளில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி வட்டாரக் குறியீடுகள் ஏற்கெனவே உள்ளன. பொதுச் சொற்கள் ஒரு பட்டியலில், இரண்டு வழக்குகளும் தனித்தனிப் பட்டியலில், இரண்டையும் ஒருசேர ஏற்கும் அமைப்பு ஒன்று. ஒரு வாரத்தில் முடியும் வேலை. மாதக்கணக்கில் அதை எவரும் முன்மொழியாததற்குக் காரணம், முன்மொழிபவர் முதலில் பேச வேண்டியிருந்தது என்பதுதான். மனம் ஆறாமல் வைக்கும் தீர்வை எதிராளி தீர்வாகப் பார்ப்பதில்லை. இன்னொரு தாக்குதலாகத்தான் பார்க்கிறார்.

நான் மேலே வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. இருவரும் வினையெச்ச ஒற்றைப் பற்றி மும்முரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். 'படித்துப் பார்த்தான்' என்பதில் ஒற்று மிகும், 'செய்து பார்த்தான்' என்பதில் மிகாது. விதியை எப்படிச் சுருக்கமாக எழுதுவது என்பது பேச்சு. குரல் உயர்ந்துதான் இருந்தது. அந்த உயர்வில் எனக்கு எந்தக் கவலையும் வரவில்லை.

எழுதிவைத்தவை மூன்று. எந்த மாற்றத்தைத் திருப்பினாலும் காரணம் எழுத வேண்டும், அதற்குமுன் போட்டவரிடம் பேச வேண்டும். ஒருவர் உரிமையை இன்னொருவர் தனியாக எடுக்க முடியாது. இருவரும் ஒத்துப்போகாத இடத்தில் மூன்றாவது ஆள் சொல்வது முடிவு. மூன்றாவது ஆள் நானாக இருக்க வேண்டும் என்றார்கள், மறுத்துவிட்டேன். இருவருக்கும் வேண்டியவள் நான், நிரல் எழுதுபவளும் இல்லை. மட்டக்களப்பில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், முன்பு இந்தத் திட்டத்துக்குப் பிழைகளைத் தேடித் தந்தவர், அவர் ஒப்புக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இவன் இன்னும் பழைய உற்சாகத்தோடு வேலை செய்யவில்லை. அனுப்பும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அளவுக்கு மேல் விளக்கம் எழுதுகிறான், அது எனக்கு வருத்தம்தான். 'யூலை', 'கணனி', 'ரொறன்ரோ' மூன்றும் இலங்கைப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. 'கொம்பனி' மட்டும் நிற்கிறது. அது பொதுப் பட்டியலுக்கே போக வேண்டும் என்கிறார் அவர். இலங்கைப் பட்டியலில் இருந்தால் போதும் என்கிறான் இவன். மட்டக்களப்பு ஆசிரியை இரு பக்கத்துச் சான்றுகளையும் கேட்டிருக்கிறார்.